காதில் அணிபவை, அனைத்தும்

பிப்ரவரி 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இதை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் அலுவலகத்துக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். வீட்டுக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அலுவலகத்துக்கு வருகிற காகிதத்துக்கு எண் போட்டுப் பதினைந்து நாளில் பதில் தந்தாக வேண்டும் என்று நீயே ஒருமுறை பெருமையடித்திருக்கிறாய். நன்றாக எண் போட்டுக்கொள்.

உன் அத்தானின் காது மெஷின் போன மாதம் உடைந்துவிட்டது. டிப்போவில் ஒரு பேருந்துக்கு அடியில் படுத்திருந்தபோது காதிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. ஜாக்கி அதன் மேலேயே இறங்கிவிட்டது. முப்பத்தோரு வருடம் இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் நின்று போன காது அது. ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் நின்றால் எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். மூன்று வருடமாக அந்த மெஷின் தயவில்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிது வாங்கப் போனோம். கடைக்காரர் கையை விரித்தார். "காது மெஷின் இப்ப வர்றதில்லம்மா. தடைப் பட்டியல்ல போட்டுட்டாங்க. ஆடம்பரப் பொருளாம்" என்றார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். ‘இறக்குமதி தடை செய்யப்பட்ட ஆடம்பரப் பொருள்கள். வரிசை எண் 41: காதில் அணிபவை (அனைத்தும்).’ அதற்கு மேலே 40, வாசனைத் திரவியங்கள். கீழே 42, செயற்கைப் பூக்கள். நடுவில் உன் அத்தானின் காது.

காதில் பூச்சுற்றுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அரசாங்கமே வரிசை எண் போட்டுச் சுற்றும் என்று எனக்குத் தெரியாது.

காகிதத்தின் அடியில் ‘வணிகத் துறை, பட்டியல் பிரிவு’ என்று இருந்தது. நீ உட்கார்ந்திருக்கிற பிரிவு அதுதானே?

ஜூன் கடைசியில் டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. காது கேட்காவிட்டால் அன்றோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கி. எனக்கு நீ விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். காது கேட்பது ஆடம்பரமா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

நலமா?

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்கா,

கெஞ்சிக் கேட்கிறேன், இனி வீட்டு விலாசத்துக்கு எழுது. உன் கடிதத்துக்கு வரவு எண் 1187 விழுந்துவிட்டது. ‘பொருள்’ என்ற இடத்தில் தபால் பிரிவுக்காரர் ‘தம்பியைத் திட்டுதல் - குறித்து’ என்று எழுதியிருக்கிறார். நான்கு மேசை சுற்றி அது என்னிடம் வந்தது. அன்றிலிருந்து மேலதிகாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நலமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அத்தானின் விஷயம் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய். நாட்டின் கையில் இருக்கிற வெளிநாட்டுப் பணம் ஏழு வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும். எரிபொருளுக்கும் மருந்துக்குமே மூச்சு முட்டுகிறது. எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? ஐந்து வருடமாகச் சம்பளம் ஏறியது. கையில் காசு புழங்கியதும் ஜனங்கள் வெளிநாட்டுச் சாமானைத் தேடிப் போனார்கள். நம் பணத்தின் மதிப்பையும் இறங்க விடாமல் ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தோம். அதனால் கடல் தாண்டி வந்த பொருள் இங்கே செய்ததைவிட மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள்? போன வருடம் பிடியை விட்டோம், நம் பணம் சரிந்தது. அப்படியும் வாங்குவது நிற்கவில்லை. அதனால்தான் தடை.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ சந்தோஷப்பட வேண்டும். இந்தப் பட்டியலுக்கு வழி காட்டியதே உன் கணக்கு நோட்டுதான். ‘இல்லாவிட்டால் முடியாது’, ‘தள்ளிப் போடலாம்’, ‘இல்லாவிட்டாலும் நடக்கும்’ என்று மூன்று கட்டம் போட்டிருப்பாயே? நான் படித்த எந்தப் பாடமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நாட்டுக்கு வருகிற சாமான்களை அந்த மூன்று கட்டத்தில்தான் பிரித்தோம். மூன்றாவது கட்டத்தில் விழுந்தவை தடைக்குப் போயின. மேலதிகாரியே பாராட்டினார்.

வரிசை எண் 41 நகைகளைப் பற்றியது. காது மெஷினை யாரும் நினைக்கவில்லை. ஆனால் சுங்கத்தில் இருப்பவர்கள் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படிப்பார்கள். நம் நாட்டிலேயே ஒரு கம்பெனி காது மெஷின் செய்கிறது. இப்போதைக்கு அதை வாங்கிக் கொடு. உள்நாட்டுப் பொருளை நாமே வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்?

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் மானத்தைக் காப்பாற்ற இதை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உன் உள்நாட்டு மெஷினை வாங்கினோம். தீப்பெட்டி அளவு இருக்கிறது. காதில் மாட்டியதும் உன் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரயில் ஏதாவது வருதா?" என்று கேட்டார். நம் வீட்டிலிருந்து ஸ்டேஷன் நான்கு மைல். மெஷின் தானாகவே விசில் அடிக்கிறது. சட்டைக் காலர் உரசுவது மழை பெய்கிற மாதிரி கேட்கிறதாம். நான் பேசுவது மட்டும் கேட்கவில்லையாம். "அந்த வரைக்கும் நல்ல மெஷின்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். "உள்ள இருக்கற குட்டி மைக் வெளிநாட்டுதும்மா. அதுவும் காதுல போடறதுக்குத்தானேன்னு சுங்கத்துல நிறுத்திட்டாங்க. இவங்க கையில கெடச்சத வெச்சு ஒட்டி அனுப்பறாங்க." உள்நாட்டுச் சாமானை வாங்கு என்று எனக்கு உபதேசம் செய்கிறாயே, அந்த உள்நாட்டுச் சாமானின் தொண்டையையே நெரித்திருப்பது உனக்குத் தெரியாதா?

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சாமான் கட்டி வந்த காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் மீதியைக் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். சம்பளம் ஏறினால் வெளிநாட்டுச் சாமான், மலிவானால் வெளிநாட்டுச் சாமான். சரி, நம் தெருவில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். தெருவில் முப்பத்தெட்டு வீடு. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தினம் ஐந்து வீடு. என்ன வெளிநாட்டுச் சாமான் வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள், விலை ஏறியதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று இரண்டு வீட்டில் பேச்சு. பேசட்டும்.

எதிர்வீட்டு டீச்சருக்குச் சம்பளம் ஏறியது, வெளிநாட்டு வாஷிங் மெஷின் வாங்கினாள். விலை ஏறியதும் அவள் தங்கை வாங்க இருந்ததை நிறுத்திவிட்டாள். உன் பாடம் அந்த வீட்டில் சரி. அடுத்தது தையல்கார அம்மா. அவளுக்குச் சம்பளமும் ஏறவில்லை, ஒன்றும் ஏறவில்லை. அவள் வாங்குவது வெளிநாட்டு ஊசி. ஏன் என்று கேட்டேன். "இங்க செய்யற ஊசி மூணாவது ஜாக்கெட்லயே முறியுது, அத வெச்சு நான் என்ன பண்ண?" என்றாள். நம் பணம் சரிந்ததும் ஊசி விலை இரண்டு மடங்கானது. "ஊசியக் குறைச்சியா?" என்றேன். "ஊசிய எப்படிக் குறைப்பேன்? பாலக் குறைச்சுக்கிட்டேன்" என்றாள்.

இதைக் காதில் வாங்கினாயா? விலை ஏறியதும் கைவிடுகிற சாமான் ஒரு ரகம். விலை ஏறினால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்குகிற சாமான் இன்னொரு ரகம். இங்கே செய்கிறவர் யாரும் இல்லை, செய்தாலும் உருப்படியாக இல்லை என்பதால் வெளியில் கை நீட்டுகிறவளும், பக்கத்து வீட்டுக்காரி வைத்திருக்கிறாள் என்பதற்காகக் கை நீட்டுகிறவளும் உனக்கு ஒன்றா?

எலெக்ட்ரீஷியன் வீட்டில் பெட்டி பிரிக்காத வெளிநாட்டு டிரில் மெஷின் மூன்று இருக்கிறது. அவருக்கு ஒன்று போதும். "தடை வரப்போகுதுன்னு பேப்பர்ல போட்டாங்கல்ல, அதான் அள்ளிப் போட்டேன்" என்றார். நீங்கள் குறைத்தீர்களா, கூட்டினீர்களா? முனைக்கடையில் உன் வரிசை எண் 40, அந்த வாசனைத் திரவியம், மூன்று மடங்கு விலைக்கு இன்றைக்கும் கிடைக்கிறது. "பணம் இருக்கறவங்களுக்கு இங்க எது நின்னுச்சு?" என்று கடைக்காரர் என்னையே கேட்கிறார். நின்றது காது மெஷின் ஒன்றுதான்.

என் நோட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டாயாம், நான் சந்தோஷப்பட வேண்டுமாம். அந்தக் கட்டங்களை நான் என் வீட்டுக்குப் போட்டேன். என் வயிற்றை நான் கட்டலாம். ஊரான் காதைக் கட்ட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

தையல்கார அம்மா சொன்னதை அலுவலகக் கூட்டத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், சொன்னேன். எல்லோரும் குறிப்பேட்டில் குறித்துக்கொண்டார்கள். பிறகு தேநீர் வந்தது.

திருத்தம் கொண்டுவருவது நீ நினைக்கிற மாதிரி ஒரு வார்த்தையை அடித்து எழுதுகிற வேலை இல்லை. திருத்தம் என்றால் தவறு நடந்திருக்கிறது என்று ஆகும். தவறு என்றால் யாருடையது என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். இந்த வருடக் கடைசியில் எனக்குப் பதவி உயர்வு வர இருக்கிறது. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

வேறு ஒரு வழி இருக்கிறது. என்னோடு படித்தவன் ஒருவன் ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து வருகிறான். அத்தானுக்கு ஏற்ற மெஷின் ஒன்றைக் காலுறைக்குள் சுருட்டிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவான். பணம் நான் கொடுக்கிறேன். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். பரிசோதனைக்கு இரண்டு மாதம் முன்பே அத்தான் கையில் இருக்கும். சரி என்று ஒரு வரி எழுது.

தம்பி


மார்ச் 23

தம்பி,

காதும் காதும் வைத்த மாதிரியா? எந்தக் காதை எந்தக் காதோடு வைப்பாய்? ஒன்று கேட்காது, இன்னொன்று கேட்டும் கேட்காதது.

நேற்று அத்தான் தோள்பட்டை கிழிந்த சட்டையோடு வந்தார். ஆணி மாட்டிக் கிழிந்தது என்றார். சாயங்காலம் டிப்போவில் டயர் வேலை பார்க்கிறவர் வாசலில் வந்து நின்றார். "அண்ணன் உங்ககிட்ட சொல்லிருக்க மாட்டார்க்கா. வண்டி ரிவர்ஸ்ல வருது. டிரைவர் ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான். இவர் பாட்டுக்குக் குனிஞ்சு ஸ்பேனர் தேடிட்டிருக்கார். நான்தான் சட்டையப் புடிச்சு இழுத்தேன். கிழிஞ்சிருச்சு, மன்னிச்சுக்குங்க" என்றார். சட்டையைக் கிழித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், பாவம். இந்த நாட்டில் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர் டயர் மாட்டுகிற இடத்தில் இருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் கத்திச் சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, ‘ஏன் பொய் சொன்னீர்கள்?’ என்று எழுதி நீட்டினேன். பென்சிலை வாங்கி அதற்குக் கீழே ‘சட்டை பழசுதான்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சமையலறையில் போய் நின்றேன். ஓவென்று அழுதேன். பக்கத்து அறையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

உன் காலுறை வேண்டாம். தினமும் காலையில் கடவுளுக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிறோம். திருட்டு மெஷின் மாட்டிய காதோடு அவரை அங்கே நிறுத்த மாட்டேன். நான் எட்டணா அதிகமாக வந்தாலும் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாயே, அதுதான் ஆறவில்லை.

அத்தானோடு இது முடியவும் இல்லை. காது மெஷின் கடையில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் மட்டும் அறுபத்துமூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று, பள்ளிக்கூடத்தில் டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. அந்த அறுபத்துமூன்று பேருக்கும் பட்டியல் பிரிவில் தம்பி இருக்கிறானா? எல்லோருக்கும் காலுறை அனுப்புவாயா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘காதில் அணிபவை (அனைத்தும்).’ அந்த மூன்று வார்த்தையை எழுதிய கை யாருடையது? அந்தக் கையை நான் பார்க்க வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

என் கைதான்.

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்த ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. இப்போது முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

பட்டியலுக்கு நூறு வரிசை வேண்டும் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். ஏன் நூறு என்று கேட்காதே, எங்களுக்கும் தெரியாது. நூறு என்றால் பேப்பரில் போடும்போது எடுப்பாக இருக்கும். அலங்காரப் பொருள்களுக்கு வந்தபோது வேறு என்ன எழுதலாம் என்று யோசித்தேன். உன் நோட்டு கண் முன்னால் வந்தது.

உன் வீட்டில் தங்கிப் படித்த இரண்டு வருடமும், நீ இல்லாதபோது அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பேன். எனக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்கத்தான். என் புத்தகம், என் பஸ், என் கண்ணாடி எல்லாம் எப்போதும் முதல் கட்டத்தில் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் மாதா மாதம் ஒரே வரி இருக்கும். ‘காதில் போட.’ மேலே தலைப்பு ‘இல்லாவிட்டாலும் நடக்கும்.’ இருபத்துநான்கு மாதம் அக்கா. ஒரு மாதம்கூட நீ வாங்கவில்லை. ஒரு மாதம்கூட அதை எழுதாமலும் விடவில்லை. இல்லாமல் நடத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன். அன்றைக்கு உன்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் அந்த வரியை எடுத்துப் பட்டியலில் போட்டேன். ‘போட’ என்பதை அலுவலகத் தமிழில் ‘அணிபவை’ ஆக்கினேன். தோடு, கம்மல், ஜிமிக்கி, வளையம் என்று தனித்தனியாக எழுதச் சோம்பலாக இருந்தது. ‘அனைத்தும்’ என்று போட்டு மூடிவிட்டேன்.

"நகைன்னே எழுதிடலாமேய்யா" என்று மேலதிகாரி கேட்டார். "இதுவே தெளிவா இருக்கு சார்" என்று நான்தான் சொன்னேன்.

தையல்கார அம்மாவைப் பற்றி நீ எழுதியதிலிருந்து ஒன்று என்னை விடவில்லை. நீ இல்லாமல் நடத்தினாய் என்பதை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். மாதா மாதம் ஏன் திரும்பத் திரும்ப எழுதினாய் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. அலுவலகத்துக்கு எழுது. எண் விழட்டும். எண் விழுந்த கடிதத்தை யாராலும் அமுக்க முடியாது, என்னாலும் முடியாது. தவறு யாருடையது என்ற கட்டத்தை நானே நிரப்புகிறேன். காலுறை பற்றி எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 10

வணிகத் துறை, பட்டியல் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: வரிசை எண் 41 - காதில் அணிபவை (அனைத்தும்) - காது கேளாதவர்கள் கேட்பது - குறித்து.

ஐயா,

நான் வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண். நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் போதவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. போதாமல் நடத்துவது எப்படி என்று எனக்கும் தெரியும். ஆனால் போதவில்லை என்றதும் கையில் முதலில் அகப்பட்டதை வெட்டுகிறவள் வீடு நடத்த மாட்டாள்.

ஒரு நாடு வெளியிலிருந்து ஏன் வாங்குகிறது என்பதற்கு என் தெருவிலேயே பல காரணங்களைப் பார்த்தேன். கையில் காசு ஏறியதால் வாங்குகிறார்கள். வெளியே மலிவு என்பதால் வாங்குகிறார்கள். இங்கே செய்வது தரமில்லை என்பதாலும், இங்கே செய்வோரே இல்லை என்பதாலும் வாங்குகிறார்கள். நாளைக்குக் கிடைக்காது என்று நீங்கள் கிளப்பிய பயத்தாலும் வாங்குகிறார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் தனி மருந்து வேண்டும். ஆசைக்கு வரி போடுங்கள். பயத்தைக் கிளப்பாதீர்கள். தரமில்லாத ஊசியைத் தரமாகச் செய்ய வையுங்கள். இங்கே செய்யவே முடியாததை விட்டுவிடுங்கள். எல்லாக் காரணத்துக்கும் ஒரே பூட்டைப் போட்டால், பணமுள்ளவர் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். வாசலில் நிற்பது எங்களைப் போன்றவர்கள்தான்.

இத்துடன் அறுபத்துமூன்று பேரின் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொருவரும் பெயருக்குப் பக்கத்தில் தங்கள் வேலையை எழுதியிருக்கிறார்கள். டிப்போ மெக்கானிக், நர்ஸ், லாரி டிரைவர், வங்கிக் காவலாளி. ‘மூன்றாம் வகுப்பு’ என்று எழுதியிருப்பது குழந்தை. இவர்களின் பெயர்களை நிதானமாகப் படித்துவிட்டு, யாருடைய காது செயற்கைப் பூவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். இனி ‘இல்லாவிட்டாலும் நடக்கும்’ என்று எதையாவது எழுதும்போது, பக்கத்தில் ‘யாருக்கு’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வரிசை எண் 41இல் இருக்கும் மூன்று வார்த்தைகளில் இரண்டு என் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து வந்தவை என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அந்த இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ‘அனைத்தும்’ என்பதற்கு நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
மெக்கானிக்கின் மனைவி


மே 30

அன்புள்ள அக்கா,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில் இருக்கிறேன். தகரக் கூரை, இரண்டு ஜன்னல், ஒரு மின்விசிறி. அது சுற்றும், காற்று வராது. பதவி உயர்வை மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்துக்கு வரவு எண் 2264. தபால் பிரிவுக்காரர் இந்த முறை ‘பொருள்’ இடத்தில் ஒன்றையும் மாற்றாமல் நீ எழுதியதையே எழுதினார். அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக அவரே நடந்தார். அவர் அம்மாவும் காது மெஷின் போடுகிறவராம். எனக்குத் தெரியாது. ஏழு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து அறை.

திருத்தம் போன வாரம் வெளியானது. ‘வரிசை எண் 41: காதணிகள். (கேட்க உதவும் கருவிகளும் அவற்றின் பாகங்களும் இதில் சேரா.)’ உன் ‘யாருக்கு’ கட்டத்தை அவர்கள் சேர்க்கவில்லை. "தாள்ல இடமில்லைய்யா" என்றார் மேலதிகாரி.

இங்கே வந்த முதல் நாள் கிடங்கின் மூலையில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தேன். டிசம்பரிலிருந்து கிடக்கிறது. மேலே ‘நகை’ என்று சிவப்பு முத்திரை. உள்ளே முந்நூற்று நாற்பது காது மெஷின். நான் எழுதிய ஒரு வரி அந்தப் பெட்டிமேல் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்திருக்கிறது. விடுவிக்கும் காகிதத்தில் என் கையாலேயே கையெழுத்துப் போட்டேன். உன் கடைக்காரருக்கு எண்பது வருகிறது. வரி கட்டி, ரசீதோடு வருகிறது. நீ தைரியமாக வாங்கலாம்.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

நலமா? இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன்.

பரிசோதனை முந்தாநாள் முடிந்தது. டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று எண்களைச் சொன்னாராம். இவர் எண்களைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "அந்த விசிறியில பேரிங் போயிருக்கு சார், மாத்திடுங்க" என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான்கு வருடத்துக்குக் கவலையில்லை.

மெஷின் வந்த மறுநாள் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையில் அவர் அதை மாட்டியது எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போலப் பிரார்த்தனையில் நின்றேன். ஐந்து மாதமாக எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் கேட்காதே என்று, மனதுக்குள் சொல்ல வேண்டியதை வாய்விட்டே கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் உன்னைப் பற்றித்தான். ‘அவனுக்கு எதற்கு ஆண்டவா அந்தத் தகரக் கூரை, சின்ன வயதிலேயே வெயில் தாங்க மாட்டான்’ என்று நீளமாக ஒரு முறையீடு. முடித்துக் கண்ணைத் திறந்தால் இவர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இவ்வளவு நாளா சாமிகிட்ட அவன் மேல புகார் சொல்றேன்னுல்ல நெனச்சேன்?" என்றார்.

"புகாரும் சொன்னேன்" என்றேன்.

"சத்தமா சொல்லு, இனிமே நானும் கேக்கறேன்" என்றார். பிறகு கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு தையல்கார அம்மாவிடம் போனார்.

அவள் ஊசியும் உங்கள் பட்டியலில் இருப்பது கடையில் பழைய இருப்பு தீர்ந்த பிறகுதான் தெரிந்தது, வரிசை எண் 67. ஊசியை ‘அழகு சாதனக் கருவிகள்’ பகுதியில் எந்த மகராசன் சேர்த்தான் என்று தெரியவில்லை. உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிறவருக்கு நேற்றே எழுதிவிட்டேன். முப்பத்தோரு தையல்காரர்களின் கையெழுத்தோடு. எண் விழுந்திருக்கும்.

இடமில்லை என்றாராமே உன் மேலதிகாரி? என் நோட்டில் இடம் இருந்தது. மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டு ‘யாருக்கு’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். இந்த மாதம் எழுதும்போது பழைய பழக்கத்தில் ‘காதில் போட’ என்று கை தானாகப் போனது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதற்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் இருந்தது. ‘எனக்கு’ என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்த வரியை அங்கே வைத்திருக்க மனம் வரவில்லை. அடித்துவிட்டு நடுக் கட்டத்துக்கு மாற்றினேன். ‘தள்ளிப் போடலாம்.’

கடைத்தெருத் தட்டான் செய்வதுதான், உள்நாட்டுத் தயாரிப்பு. உன் அனுமதி தேவையில்லை.

அக்கா